எபிதீலிய செல்லில் நுண்குழல்களைப் பிடித்து வைப்பது எது?

கேள்வி சுருக்கமாக இது: பாடப்புத்தகப் படத்தில் செல்லின் நடுவே, உட்கருவை ஒட்டி சென்ட்ரோசோம் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. அதிலிருந்து நுண்குழல்கள் (செல்லுக்குள் சட்டமாகவும் சரக்குப் பாதையாகவும் இருக்கும் மெல்லிய புரதக் குழாய்கள்) நாலாபுறமும் விரிந்து போகின்றன. ஆனால் குடலின் உட்சுவரில் இருக்கும் செல்லையோ, உள்காதில் இருக்கும் தூண் செல்லையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்குழல்கள் மேலிருந்து கீழாக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. சென்ட்ரோசோமோ மேலே ஓர் ஓரத்தில் கிடக்கிறது. அப்படியானால் இத்தனை நுண்குழல்களையும் ஒழுங்காக நிறுத்துவது எது? புத்தகப் படம் தவறா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நுண்குழலைத் தொடங்கி வைப்பது ஒரு வேலை. தொடங்கிய குழலின் ஒரு முனையை ஓர் இடத்தில் பிடித்து வைப்பது வேறொரு வேலை. புத்தகப் படத்தில் இருக்கும் செல்லில் இந்த இரண்டையும் சென்ட்ரோசோமே பார்த்துக்கொள்கிறது. உறுப்புகளின் பரப்பை மூடும் அடுக்கில் இருக்கும் எபிதீலிய செல் முதிரும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பிடித்து வைக்கும் வேலை செல்லின் மேற்சவ்வுக்குப் போகிறது. சில செல்களில் தொடங்கி வைக்கும் வேலையும் அங்கேயே போய்விடுகிறது. பிடி எங்கே இருக்கிறதோ, அதை வைத்துத்தான் செல்லின் உள்ளமைப்பு முழுவதும் அமைகிறது. புத்தகப் படம் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவில் இருக்கும் செல்) மாதிரியான செல்லுக்குச் சரி. அதை எல்லா செல்லுக்கும் பொது என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நுண்குழல் என்பது 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள, உள்ளே வெற்றிடமான குழாய். ஆல்ஃபா டியூபுலின், பீட்டா டியூபுலின் இரண்டும் சேர்ந்த ஜோடிகள் ஒன்றன் தலையில் ஒன்றாக அடுக்கி ஒரு சரமாகின்றன. பொதுவாக 13 சரங்கள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழாய் ஆகிறது. ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோமீட்டர் நீளத்துக்கு சுமார் 1,625 ஜோடிகள். 20 மைக்ரோமீட்டர் உயரமுள்ள குடல் செல்லில் மேலிருந்து கீழ்வரை போகும் ஒரே ஒரு குழலுக்கு 32,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள் வேண்டும்.

எல்லா ஜோடிகளும் ஒரே திசையைப் பார்த்து அடுக்கப்படுவதால் குழாயின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. பீட்டா தெரியும் முனை வேகமாக வளரும்; அது ப்ளஸ் முனை. ஆல்ஃபா தெரியும் முனை மந்தமானது; அது மைனஸ் முனை. ப்ளஸ் முனை வளர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று சரிந்து சுருங்கும், மறுபடி வளரும். 1984-இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் விவரித்த இயங்குநிலை நிலையின்மை இதுதான். மைனஸ் முனையைத் திறந்து விட்டால் அங்கிருந்தும் குழல் கரையத் தொடங்கும். அதனால் நீண்ட நாள் நிற்க வேண்டிய குழலுக்கு மைனஸ் முனையில் ஒரு மூடியும் பிடியும் வேண்டும். எபிதீலிய செல்லின் கதையே இந்த மைனஸ் முனையைப் பற்றியதுதான்.

எபிதீலிய செல்லுக்கு மேல், கீழ் என்று இரண்டு வேறு உலகங்கள் உண்டு. மேற்சவ்வு குடலின் உள்வெளியையோ, சிறுநீரகக் குழலின் உள்வெளியையோ பார்த்து நிற்கிறது. அடிச்சவ்வு அடித்தள மென்தகடு என்ற மெல்லிய புரதப் படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் அண்டை செல்களோடு இறுக்கமான சந்திப்புகள். மேலே போக வேண்டிய புரதம் வேறு, கீழே போக வேண்டிய புரதம் வேறு. இப்படிப்பட்ட செல்லுக்கு நட்சத்திர வடிவ அமைப்பு அவ்வளவாக உதவாது. மேலும் கீழும் ஓடும் பாதைகள் வேண்டும்.

இது முதலில் தெளிவாகத் தெரிந்தது எம்டிசிகே செல்களில். 1958-இல் மேடினும் டார்பியும் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்த செல்வரிசை இது. செல்கள் தனித்தனியாக, தட்டையாகக் கிடக்கும்போது நுண்குழல்கள் சென்ட்ரோசோமைச் சுற்றி விரிந்திருக்கும். செல்கள் நெருங்கி, ஒட்டி, உயர்ந்து எழுந்து அடுக்காகும்போது அந்த விரிப்பு கலைகிறது. சென்ட்ரோசோம் மேற்சவ்வுக்கு அடியில் போய் உட்காருகிறது. நுண்குழல்கள் பக்கச்சுவரை ஒட்டி மேலிருந்து கீழாக நீண்ட கற்றைகளாகின்றன. மைனஸ் முனைகள் மேலே, ப்ளஸ் முனைகள் கீழே. 1989-இல் ராபர்ட் பக்கலாவோவும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் காட்டினார்கள். செங்குத்துக் கற்றைகள் போக, மேற்சவ்வுக்குக் கீழே ஒரு படுக்கை வலையும் அடியில் இன்னொன்றும் இருக்கின்றன. அந்த வலைகளில் குழல்கள் பல திசையிலும் கிடக்கும்.

குழலின் எந்த முனை எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாதாரணப் படத்தில் இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் தெரியும். 1980-இல் ஹைடெமனும் மெக்கின்டாஷும் கொண்டுவந்த முறையில், சவ்வைக் கரைத்த செல்லில் கூடுதல் டியூபுலினைச் சேர்ப்பார்கள். அது ஏற்கெனவே இருக்கும் குழலின் பக்கச்சுவரில் வளைந்த தகடுகளாக ஒட்டிக்கொள்ளும். குறுக்குவெட்டில் அவை கொக்கி போலத் தெரியும். கொக்கி எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து, நம்மைப் பார்த்திருப்பது எந்த முனை என்று சொல்லிவிடலாம். இப்போது உயிருள்ள செல்லில் ஈபி1 என்ற புரதத்தை ஒளிரச் செய்து பார்க்கிறார்கள். அது வளரும் ப்ளஸ் முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு வால்மீன் மாதிரி நகரும். எபிதீலிய செல்லில் இந்த வால்மீன்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே போகின்றன.

சரி, மேலே பிடித்திருப்பது எது? 2000-இலிருந்துதான் இதற்கு நல்ல விடைகள் வரத் தொடங்கின. முதலில் வந்த பெயர் நைனின் என்ற புரதம். சென்ட்ரோசோமில் இருக்கும் சென்ட்ரியோல்கள் என்ற இரண்டு சிறு உருளைகளில் மூத்ததன் பக்கத்தில் சின்னச் சின்ன நீட்சிகள் உண்டு. நைனின் அங்கே இருந்துகொண்டு மைனஸ் முனைகளைப் பிடித்து வைக்கும். 2000-இல் மெட்டே மோகென்சனின் குழு உள்காதின் தூண் செல்களைப் பார்த்தபோது, நைனின் சென்ட்ரோசோமை விட்டு விலகி, மேற்சவ்வுக்கு அடியில் குழல்களின் மைனஸ் முனைகள் இருக்கும் இடத்தில் தெரிந்தது. குழலைத் தொடங்கி வைக்கும் காமா டியூபுலின் மட்டும் சென்ட்ரோசோமிலேயே இருந்தது. தொடங்கும் இடமும் பிடிக்கும் இடமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி எனக்குத் தெரியாது. சென்ட்ரோசோமில் பிறந்த குழல் அங்கிருந்து விடுபட்டு, மேற்சவ்வின் பக்கம் போய், அங்கே பிடிபடுகிறது என்ற விளக்கம் இதிலிருந்து வலுப்பெற்றது.

இரண்டாவது பெயர் காம்சாப் என்ற புரதக் குடும்பம். நெஜா என்றும் அழைக்கப்படும் காம்சாப்3, நேராக மைனஸ் முனையில் போய் ஒட்டுகிறது. 2008-இல் மசதோஷி டகேச்சியின் ஆய்வகம் (செல்களை ஒட்டவைக்கும் கேடரின்களைக் கண்டுபிடித்தவர் இவர்தான்) இந்தப் புரதம் பிளெக்ஹா7 என்ற புரதம் வழியாக செல்களின் ஒட்டுச் சந்திப்பில் மைனஸ் முனைகளைக் கட்டிவைக்கிறது என்று காட்டியது. பாலூட்டிகளில் காம்சாப் மூன்று வகை. பழ ஈயில் ஒன்றே ஒன்று, அதற்குப் பெயர் பேட்ரோனின். மைனஸ் முனையை மூடி, கைனசின்-13 என்ற புரதம் அதைக் கரைத்துவிடாமல் பேட்ரோனின் காக்கிறது என்பதை 2010-இல் குட்வினும் வேலும் நிறுவினார்கள்.

2016-இல் டகேச்சியின் குழு இன்னும் ஒரு படி போனது. காம்சாப்3, நுண்குழலோடு ஒட்டும் பகுதியை இழக்கும்படி எலிகளின் மரபணுவை மாற்றினார்கள். அந்த எலிகளின் குடல் செல்லில் நுண்குழல்கள் மறைந்துவிடவில்லை, ஆனால் மேல்-கீழ் ஒழுங்கு போய்விட்டது. உட்கரு தன் வழக்கமான இடத்தில் இல்லை. புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பும் இடம் மாறியது. இதில் கவனிக்க வேண்டியது இது: குழல் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் வேண்டும். ஆலமர விழுதுகள் கிளையிலிருந்து தொங்குவதால்தான் எல்லாமே கீழ்நோக்கி வருகின்றன. இங்கும் மேலே இருக்கும் பிடிதான் கீழ்நோக்கிய திசையைக் கொடுக்கிறது.

காம்சாப் தனியாக நிற்பதில்லை. மேற்சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளால் ஆன அடர்ந்த வலை ஒன்று உண்டு. ஏசிஎஃப்7 என்ற பெரிய புரதம் ஒரு பக்கம் ஆக்டினையும் மறுபக்கம் காம்சாப்பையும் பிடித்துக்கொள்கிறது. பழ ஈயில் இதே வேலையை ஷாட் என்ற உறவுக்காரப் புரதம் செய்கிறது. அதாவது நுண்குழல்களின் ஒழுங்கு கடைசியில் ஆக்டினையும் சந்திப்புகளையும் நம்பி நிற்கிறது. மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பது எபிதீலிய செல்லைப் புரிந்துகொள்ள உதவாது என்பது என் கருத்து.

கீழே என்ன நடக்கிறது? வளர்ந்து வரும் ப்ளஸ் முனைகளையும் அடிச்சவ்வு பிடித்துக்கொள்கிறது. அடித்தள மென்தகட்டில் இருக்கும் லேமினின் புரதத்தோடு செல்சவ்வில் இருக்கும் இன்டெக்ரின் புரதம் ஒட்டுகிறது; அந்த இடத்தில் உள்பக்கம் எல்எல்5 என்ற புரதம் குவிகிறது; அது கிளாஸ்ப் என்ற புரதம் வழியாக ப்ளஸ் முனையைப் பிடிக்கிறது. மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. இப்படி நிற்கும் குழல்கள் நீண்ட நேரம் சரியாமல் இருக்கும். நாளாக ஆக அவற்றின் டியூபுலினில் அசெட்டைல் சேர்வது, கடைசி டைரோசின் நீங்குவது போன்ற மாற்றங்கள் குவிகின்றன. எம்டிசிகே அடுக்கு முதிர முதிர நுண்குழல்கள் நோகோடசோல் என்ற கரைக்கும் மருந்தையும் தாக்குப்பிடிக்கத் தொடங்கும்.

இந்த ஏற்பாட்டால் செல்லுக்கு என்ன லாபம்? சரக்கை இழுத்துப் போகும் மோட்டார் புரதங்கள் முனையைப் பார்த்துத்தான் நடக்கின்றன. டைனின் மைனஸ் முனைக்குப் போகும். பெரும்பாலான கைனசின்கள் ப்ளஸ் முனைக்குப் போகும். ஃபைப்ரோபிளாஸ்ட்டில் டைனின் சரக்கை செல்லின் நடுவுக்கு இழுக்கிறது. எபிதீலிய செல்லில் அதே டைனின், அதே வேலையைச் செய்துகொண்டே, சரக்கை மேற்சவ்வுக்குக் கொண்டு போகிறது. மோட்டாரில் எந்த மாற்றமும் இல்லை, பாதைதான் திரும்பியிருக்கிறது. கோல்கை உறுப்பு குடல் செல்லில் உட்கருவுக்கு மேலே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

பாதை போனால் என்ன ஆகும் என்பதற்கு, நுண்குழலைக் கரைக்கும் கால்ச்சிசின் மருந்தை வைத்துச் செய்த சோதனைகள் சாட்சி. கால்ச்சிசின் கொடுத்த எலியின் குடல் செல்லில், மேற்சவ்வில் மட்டும் இருக்க வேண்டிய நொதிகள் பக்கச்சவ்விலும் அடிச்சவ்விலும் போய்ச் சேர்கின்றன. அதோடு நிற்பதில்லை, மேலே மட்டும் இருக்க வேண்டிய நுண்ணுறிஞ்சிகள் பக்கவாட்டிலும் அடியிலும் முளைக்கின்றன. அடிச்சவ்வுக்குப் போக வேண்டிய சரக்கு இந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. மேலே போகும் பயணம்தான் நுண்குழலை அதிகம் நம்பியிருக்கிறது.

இப்போது தூண் செல்லுக்கு வருகிறேன். கேள்வியில் இருந்ததாலும், இது ஓர் அற்புதமான செல் என்பதாலும். உள்காதின் சுருள் குழாயான காக்ளியாவுக்குள், கார்ட்டி உறுப்பில் உள்தூண் செல், வெளித்தூண் செல் என்று இரண்டு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து முக்கோணக் கூடாரம் போல நிற்கின்றன. நடுவே கார்ட்டி சுரங்கம். ஒலி வரும்போது கீழே இருக்கும் சவ்வு அதிரும். அந்த அதிர்வு மேலே இருக்கும், ஒலியை உணரும் முடிசெல்களுக்குக் குலையாமல் போய்ச் சேர வேண்டும். அதற்கு இடையில் விறைப்பான தாங்கி வேண்டும். ஒவ்வொரு தூண் செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் நெருக்கி அடுக்கப்பட்டு, இடையில் ஆக்டின் இழைகளோடு, மேலிருந்து கீழ்வரை ஒரே கற்றையாக நிற்கின்றன.

குறுக்குவெட்டை அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தால் இன்னொன்று தெரியும். இந்தக் குழல்களில் பெரும்பாலானவற்றில் 13 சரங்கள் இல்லை, 15 இருக்கின்றன. கினிப்பன்றியின் காதில் 1982-இல் சைட்டோவும் ஹமாவும் இதைப் பார்த்தார்கள். இரண்டு சரம் கூடுவது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு அதன் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. 15-ஐ 13-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் ஏறக்குறைய 1.5 வருகிறது. பொருளை ஆறில் ஒரு பங்குகூட அதிகப்படுத்தாமல், வளையாத தன்மை ஒன்றரை மடங்காகிறது. குழல்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும்போது கற்றையின் விறைப்பு எண்ணிக்கைக்கு நேராக ஏறாமல் அதன் இருமடிக்கு நெருக்கமாக ஏறும். காது ஏன் இப்படி ஒரு கற்றையைக் கட்டுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

பழ ஈயின் இறக்கையிலும் இதே மாதிரி உண்டு. இறக்கையின் மேல்தோலும் கீழ்த்தோலும் அடியோடு அடி ஒட்டி நிற்கும் இரண்டு செல் அடுக்குகள். ஒவ்வொரு செல்லிலும் மேற்சவ்வுக்கு அடியில் இருக்கும் அடர்ந்த புள்ளிகளிலிருந்து நுண்குழல்கள் கிளம்பி அடிவரை போகின்றன. இவற்றிலும் பெரும்பாலும் 15 சரங்கள். இங்கே குழல் தொடங்குவதே சவ்வை ஒட்டிய இடத்தில்தான் என்று 1987-இல் மோகென்சனும் டக்கரும் சான்று காட்டினார்கள்.

சென்ட்ரோசோமை இந்தச் செல்கள் எவ்வளவு குறைவாக நம்பியிருக்கின்றன என்பதற்கு இன்னும் வலுவான ஆதாரம் 2006-இல் வந்தது. ரெனாட்டா பாஸ்டோவும் சகாக்களும் சென்ட்ரியோல்களைக் கட்ட முடியாத பழ ஈக்களை வளர்த்தார்கள். ஆரம்பத்தில் தாயிடமிருந்து வந்த புரதம் கொஞ்சம் கைகொடுக்கிறது. அது தீர்ந்த பிறகு செல்களில் சென்ட்ரியோல் இல்லை. ஆனாலும் அந்த ஈக்கள் ஏறக்குறைய இயல்பான உருவத்தோடு முதிர்ந்து வெளியே வந்தன. பிறகு சீக்கிரமே இறந்துபோயின. காரணம், உணர்வு நரம்புகளுக்குத் தேவையான குறு இழைகள் (செல்லிலிருந்து முடி போல நீட்டி நிற்பவை) அவற்றிடம் இல்லை. குறு இழைக்கு சென்ட்ரியோல் கட்டாயம் வேண்டும். எபிதீலியத்தின் நுண்குழல் ஒழுங்குக்கு அது கட்டாயமில்லை.

எல்லா எபிதீலியமும் ஒரே வழியில் போவதில்லை. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவின் குடல் செல்லில், மேல், கீழ் என்று முனைப்படும் நேரத்தில் காமா டியூபுலினே சென்ட்ரோசோமை விட்டு மேற்சவ்வுக்குப் போய்விடுகிறது. இங்கே தொடங்கும் வேலையும் கைமாறுகிறது. தோலில் நிலைமை வேறு. அடி அடுக்கில் இருக்கும் செல்கள் பகுப்படைந்துகொண்டே இருப்பதால் அவற்றில் சென்ட்ரோசோம்தான் மையம். அந்தச் செல் வேறுபட்டு மேல் அடுக்குக்கு ஏறும்போது நைனின், அண்டை செல்களை ஒட்டவைக்கும் டெஸ்மோசோம்களுக்குப் போகிறது, நுண்குழல்கள் செல்லின் ஓரம் முழுக்கச் சுற்றிப் படர்கின்றன. டெஸ்மோபிளாக்கின் என்ற புரதம் இல்லாவிட்டால் இந்த மாற்றம் நடப்பதில்லை என்று 2007-இல் லெக்லரும் ஃபுக்ஸும் காட்டினார்கள்.

கல்லீரல் செல் இன்னொரு மாதிரி. அதன் மேற்சவ்வு மேலே இல்லை, இரண்டு செல்களுக்கு நடுவில் பக்கவாட்டில் பித்த நுண்கால்வாயாக இருக்கிறது. நுண்குழல்களும் அங்கிருந்தே கிளம்புகின்றன. 2004-இல் ஆன் மூஷின் குழு, பார்-1 என்ற நொதியின் அளவை எம்டிசிகே செல்லில் கூட்டியது. அவ்வளவுதான், உயர்ந்து நிற்க வேண்டிய செல்களில் நுண்குழல்கள் கிடைமட்டமாகின, கல்லீரலில் போலப் பக்கவாட்டில் உள்வெளிகள் உருவாகின. ஒரே ஒரு நொதியின் அளவு இரண்டு வகை எபிதீலியத்துக்கு இடையில் ஊசலாட வைக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

மூச்சுக்குழலின் பல குறு இழைச் செல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே நூற்றுக்கணக்கான அடித்துகள்கள் (குறு இழைக்கு அடியில் இருக்கும் சென்ட்ரியோல்கள்) மேற்சவ்வுக்கு அடியில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறு இழை. ஒவ்வொரு அடித்துகளுக்கும் பக்கவாட்டில் ஒரு சின்னக் கால் உண்டு, அது இழை வீசும் பக்கத்தைக் காட்டும். மேற்பகுதி நுண்குழல் வலை அந்தக் கால்களோடு சேர்ந்து எல்லா இழைகளையும் ஒரே பக்கம் பார்க்க வைக்கிறது. ஓடிஎஃப்2 மரபணுவில் ஒரு பகுதி நீக்கப்பட்ட எலிகளில் அந்தக் கால்கள் உருவாகவில்லை. இழைகள் அடித்தன, ஆனால் ஒருங்கே அடிக்கவில்லை. அந்த எலிகளுக்கு இருமல், தும்மல் மாதிரியான நிலை வந்தது.

ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம்: இவ்வளவு கட்டிவைத்த செல் பகுப்படையும்போது என்ன செய்யும்? மேல்-கீழ்க் கற்றைகள் கலைந்துவிடும். சென்ட்ரோசோம்கள் பழைய வேலைக்குத் திரும்பி, குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோலைக் கட்டும். பகுப்பு முடிந்து இரண்டு மகள் செல்களும் சந்திப்புகளைச் சரிசெய்துகொண்ட பிறகு, மைனஸ் முனைகள் மறுபடி மேற்சவ்வுக்குப் போகும். தூண் செல் மாதிரி இனிப் பகுப்படையாத செல்தான் அவ்வளவு கனமான கற்றையைக் கட்டுகிறது.

கடைசியாக, நீங்களே நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் மேற்பகுதி வலை மட்டும் தெரிந்து, எல்லாம் தாறுமாறாகக் கிடப்பது போலத் தோன்றும். செங்குத்து வெட்டுப் படம் கட்டாயம் வேண்டும். குளிர்ந்த கரைசலில் கழுவினால் குளிர் தாங்காத குழல்கள் கரைந்துவிடும், அதனால் வேதிப்பொருளால் நிலைநிறுத்தும் வரை செல்லை வெதுவெதுப்பாகவே வைத்திருங்கள். அசெட்டைல் டியூபுலின் ஆன்டிபாடி குறு இழையைப் பளிச்சென்று காட்டும், ஆனால் புதிதாக வளரும் குழல்களைக் காட்டாது. அதனால் மொத்த டியூபுலினுக்கான ஆன்டிபாடியையும் கூடவே போடுங்கள். மைனஸ் முனை எங்கே என்று தெரிய காம்சாப்3, சென்ட்ரோசோம் எங்கே என்று தெரிய காமா டியூபுலின். இந்த இரண்டு புள்ளிகளும் ஒரே செல்லில் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளந்து பாருங்கள், தட்டையான இளம் செல்லிலும் முதிர்ந்த அடுக்கிலும்.